கோணல் தேவாலயம்

கடற்கரை விடுதி, மாடி அறை
பிப்ரவரி 4

அசையாத என் அன்பிற்கு,

நான் நலம். அங்கே நீங்களும் உங்கள் மேசையும் நலமா? இரண்டு பேரையும் சேர்த்துத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. தனித்தனியாக நான் பார்த்தது குறைவு.

இதோடு, நாடா பிடித்து அளந்த கடற்கரைத் தேவாலயத்தின் அளவுகளை வைத்திருக்கிறேன். உப்புக்காற்றில் தாள் நமுத்துப்போய்விட்டது. பென்சில் எழுத்து மங்கலாக இருந்தால் என்னைத் திட்டாதீர்கள், கடலைத் திட்டுங்கள். நம் தேவாலயப் புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்கம் கட்டாயம் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெள்ளையடித்த சுவர், ஒரு குட்டி மணிக்கூண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போய்த் தலையைத் தூக்கினால்தான் தெரிகிறது, கவிழ்த்துப்போட்ட படகுக்குள் நிற்கிறோம் என்று. கூரை போட்டவர்கள் வீட்டுத் தச்சர்கள் இல்லையாம், படகு கட்டுகிறவர்களாம். தெரிந்த வேலையைத் தலைகீழாகச் செய்துவிட்டார்கள். விலா எலும்பு போல வளைத்த மரங்கள், பலகைகளின் இடுக்கில் கயிற்றை அடைத்து மேலே தார். தரையைப் பெருக்குகிற அம்மாள் சொன்னார், "வெள்ளம் வந்தா சுவருதாம்மா முழுகும். கூரை பாட்டுக்கு மிதந்துக்கிட்டுப் போயிரும்." அதையும் புத்தகத்தில் போடலாமா?

வேலை நேற்றே முடிந்துவிட்டது. ஆனாலும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பெட்டியைக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். நாளை மலைக்குப் போகிறேன். அங்கே ஒரு பழைய கல் தேவாலயம் இருக்கிறது. அதோடு சரி, நேராக வீடுதான். இதையேதான் போன முறையும் சொன்னாய் என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கேவரை கேட்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்,
நாடாக்காரி


வீடு
பிப்ரவரி 12

காலில் சக்கரம் கட்டிய என் அன்பே,

உன் கடிதம் வந்தது. மேசை நலம். நான் சுமார்.

படகுக்கூரையைப் படமாகப் போட்டு முடித்துவிட்டேன். மரங்களின் வளைவு ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறுவதை நீ விடாமல் குறித்திருந்தது நல்லதாயிற்று. வேறு யாராவது போயிருந்தால் ஒன்றை அளந்துவிட்டு "மற்றதும் இதே" என்று எழுதியிருப்பார்கள். பெருக்குகிற அம்மாள் சொன்னதைக் கட்டாயம் போடு. பதிப்பாளர் வெட்டினால் நான் அவரை வெட்டுகிறேன்.

வீட்டுக் கதை ஒன்று. சமையலறைக் கூரை ஒழுகுகிறது. உன் படகுக்காரர்களில் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வா. பக்கத்து வீட்டுத் தையல்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கா இன்னும் வரலையா?" என்று கேட்கிறார். கேள்வியில் ஒன்றுமில்லை, கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கிற பார்வையில்தான் எல்லாம் இருக்கிறது. மகளிடமிருந்து போன் வந்தது. "அம்மா எந்த சர்ச்ல இருக்காங்கன்னாவது உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றாள். தெரியும் என்று சொன்னேன். அது எனக்கு ஒரு பெருமை போல இருந்தது, பிறகு யோசித்தால் வெட்கமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்ததும் வருகிறேன் என்றாய். அப்புறம் செங்கல் தேவாலயம் வந்தது. அதன் பாதியில் நின்ற கோபுரம் வந்தது. அஸ்திவாரம் மண்ணுக்குள் இறங்கியதால்தான் கோபுரத்தைப் பாதியில் விட்டார்கள் என்று கண்டுபிடிக்க இன்னொரு வாரம் வந்தது. நீ மட்டும் வரவில்லை. நீ இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது.

மலையில் குளிரும். காதை மூடிக்கொள்.

உன்,
மேசைக்காரன்


மலை, சத்திரத்து அறை
பிப்ரவரி 22

மேசைக்காரருக்கு அன்பு.

காதை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன். விரல்தான் மரத்துப்போகிறது.

இந்தத் தேவாலயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சின்னது. சாம்பல் நிறக் கல். சுவர் அவ்வளவு தடிமன், ஜன்னல் மேடையில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். ஜன்னல்கள் வெளிப்பக்கம் ஒரு கீறல் போலத்தான் இருக்கின்றன. உள்ளே வர வர அகலமாகின்றன. அதனால் கொஞ்சம் வெளிச்சம் நுழைந்தாலும் சுவரில் பட்டு விரிந்து கூடம் முழுக்கப் பரவுகிறது. சுவரில் வரிசையாகச் சதுர ஓட்டைகள். அந்தக் காலத்தில் சாரம் கட்ட மரம் செருகிய இடம். வேலை முடிந்ததும் அடைக்க மறந்தார்களோ, அடுத்த பழுதுக்கு ஆகும் என்று விட்டார்களோ, இப்போது எல்லாவற்றிலும் குருவி குடியிருக்கிறது. நான் நாடாவை விரித்தால் தலையை நீட்டி மேற்பார்வை பார்க்கிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வாசலில் நின்று பலிபீடத்தைப் பார்த்தால் ஏதோ சரியில்லை. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டவரைப் பார்ப்பது போல இருக்கிறது. நடுக்கூடம் நேராக வருகிறது, பலிபீடம் இருக்கும் பின்பகுதி மட்டும் இடப்பக்கம் திரும்புகிறது என்று தோன்றுகிறது. மணியடிக்கிறவரைக் கேட்டேன். "சிலுவையில சாமி தலை சாஞ்ச மாதிரி கட்டிருக்காங்கம்மா" என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்லை அடுக்கியவன் மனசில் அது இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அளவுகளை அனுப்புகிறேன். மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்த இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை. நாலு மூலையும் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். நாடா தொய்ந்ததா, கட்டடமே கோணலா? போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை இங்கேயே இருக்கிறேன்.

உங்கள்,
நாடாக்காரி


வீடு
மார்ச் 1

அன்பே,

போட்டுப் பார்த்தேன். கோடுகள் சேருகின்றன. தேவாலயம் நேராகத்தான் இருக்கிறது. குளிரில் நாடா தொய்ந்திருக்கும், இல்லையென்றால் மணியடிக்கிறவர் மறுமுனையை மணிக்கயிறு என்று நினைத்து இழுத்திருப்பார். சாமி தலை சாய்ந்த கதையையெல்லாம் விடு. படத்தைப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அம்மாவை இதுக்குமேல எங்கேயும் அனுப்பாதீங்க சார், புத்தகம் தடியாப் போயிரும்" என்றார்.

ஆகவே உனக்கு அங்கே வேலை எதுவும் பாக்கி இல்லை. பெட்டியைக் கட்டு, இந்த முறை அவிழ்க்காதே. சமையலறைக் கூரையைச் சரி செய்துவிட்டேன். உன் பக்கத்து அலமாரியைக்கூடத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உன்,
மேசைக்காரன்


மலை
மார்ச் 10

ஐயா,

இப்படித் தொடங்கியதும் புரிந்திருக்கும். கோபமாக இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை நம்பிப் பெட்டியைக் கட்டினேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மனசு கேட்கவில்லை. மணியடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போய், வாசல் நடுவில் ஓர் ஆணி, பலிபீடத்தின் பின்னால் இருக்கும் ஜன்னலின் நடுவில் ஓர் ஆணி, இடையில் ஒரு நூல். நூல் நடுக்கூடத்தின் மையத்தில் போகவே இல்லை. போகப் போக ஒரு பக்கம் ஒதுங்கி, பலிபீடத்துப் படி வரும்போது ஒரு முழம் விலகி நிற்கிறது. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஏன் என்றும் கண்டுபிடித்துவிட்டேன். கல்லைப் பார்த்தாலே தெரிகிறது, பலிபீடத்துப் பகுதிதான் பழையது. அதுதான் முதலில் இருந்த குட்டித் தேவாலயம். ஆட்கள் கூடியதும் முன்னால் பெரிய கூடம் கட்டினார்கள். கட்டுகிற வரைக்கும் பூசை நிற்கக் கூடாதே, அதனால் பழைய முன்சுவரை இடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம் கொத்தனார். ஊடே பார்க்க வழியில்லை. குத்துமதிப்பாக நேர் பிடித்துக் கட்டி முடித்து, கடைசியில் சுவரை இடித்தபோதுதான் இரண்டும் ஒரே கோட்டில் இல்லை என்று தெரிந்திருக்கும். அன்றைக்கு அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். அப்புறம் உங்கள் நினைப்பு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்கள் தப்பாகப் படம் போடுகிறவர் இல்லை. இத்தனை தேவாலயத்தில் ஒரு கோடு பிசகியதில்லை. என் அளவில் கோணல் அப்பட்டமாக இருந்தது. தெரிந்தே நேராக்கியிருக்கிறீர்கள். இந்தக் கட்டடத்தில் உலகத்துக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம் இருந்தது. அதைத்தான் அழித்தீர்கள். ஏன்?

கடிதத்தில் சமாதானம் சொல்ல வேண்டாம். வந்து பாருங்கள். நீங்கள் பார்க்காமல் நான் இங்கிருந்து கிளம்பப் போவதில்லை.

நாடாக்காரி


வீடு
மார்ச் 16

அன்பே,

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். நீ கேட்ட உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம், இரண்டு நாளாவது முறைத்துக்கொண்டிருப்போம் என்று பார்த்தேன். முறைக்க வீட்டில் ஆள் இல்லை.

உன் அளவுகளைப் போட்டதும் பீடம் இடப்பக்கம் திரும்பியது. எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. அடுத்த நிமிஷமே நீ நினைவுக்கு வந்தாய். கோணல் என்று சொன்னால் நீ ஏன் என்று கேட்பாய். ஏன் என்று தெரிந்தால் இதே மாதிரி வேறு எங்காவது இருக்கிறதா என்று கிளம்புவாய். ரப்பரை எடுத்தேன். அழித்தேன். ஒரு கோட்டைத் திருப்பினால் நீ திரும்பி வருவாய் என்று நினைத்த அறிவு என் அறிவு.

வருகிறேன். மலைப்பாதை பஸ் என்றாலே எனக்குக் குடல் வாய்க்கு வரும் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் வருகிறேன். இறங்கும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

உன்,
மேசைக்காரன்


வீடு
மார்ச் 29

அன்பே,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மலை இறங்கும்போதும் குடல் வாய்க்கு வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறிப் போய்விட்டார்.

வந்ததும் முதல் வேலையாகப் படத்தைத் திருத்தினேன். பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அச்சுக்குப் போன பிறகு சர்ச்சை வளைக்கிறீங்களே சார்" என்றார். சர்ச் எப்போதும் வளைந்துதான் இருந்தது, நான்தான் வளைந்துகொடுத்துவிட்டேன் என்றேன். மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அங்கே நான் சரியாகப் பேசவில்லை. இப்போது சொல்கிறேன். இத்தனை வருஷம் இத்தனை தேவாலயங்களை இந்த மேசையில் கட்டியிருக்கிறேன், ஒன்றுக்குள்ளும் காலை வைத்ததில்லை. உள்ளே வந்ததும் என் செருப்புச் சத்தம் எனக்கு முன்னால் போய்ப் பலிபீடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தை எந்தக் கோட்டில் போடுவது? ஜன்னல் வெளிச்சம் சுவரை விட்டு இறங்கித் தரையில் நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில் கை வைத்தேன். ஒரு பக்கம் கல் வழவழப்பு, இன்னொரு பக்கம் சொரசொரப்பு. நடுவில் சுண்ணாம்பு தடிமனாக அப்பியிருக்கிறது. நீ கண்டுபிடித்தது நூற்றுக்கு நூறு சரி.

நீ ஏணிமேல் நின்று, நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, குருவியிடம் "கொஞ்சம் ஒதுங்கு" என்று சொன்னாய். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, நீ இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. கல்யாணத்தன்றுகூட இல்லை. இரண்டு நாளும் சொல்ல நினைத்தேன்.

அப்புறம் அந்தச் சாமியார் வந்தார். பூசைக்கு விளக்கேற்ற வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "இவங்க யாரும்மா?" என்று கேட்டார். நீ கீழே குனிந்து பார்த்து, "இவருதான் ஃபாதர், படம் போடுறவரு" என்றாய். திரும்பி அளவெடுக்கப் போய்விட்டாய்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதுதான் ஓடியது. நான் போட்டது பொய்ப்படம், அதற்கு நீ என்ன திட்டினாலும் தகும். ஆனால் இது திட்டு இல்லை. உனக்குச் சாதாரணமாக வாயில் வந்தது. அதுதான் வலிக்கிறது, நன்றாகவே வலிக்கிறது.

அதனால் ஒரு முடிவு. படம் போடுகிற வேலையை நான் விடுகிறேன். பதிப்பாளரிடம் வேறு ஆள் இருக்கிறார், கை சுத்தமானவர், இனி அளவுகளை அவருக்கே அனுப்பு. கணவன் வேலை காலியாக இருக்கிறதா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒரு கடிதம், நீளம் அகலம் உயரம் எதுவும் இல்லாத கடிதம், உன்னால் எனக்கு எழுத முடிந்தால் எழுது. முடியாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

உன்,
(என்ன போடுவது என்று தெரியவில்லை)


மலை
ஏப்ரல் 9

என்னவருக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது வரிக்குள் ஏதாவது ஒரு தூண் வந்து நிற்கிறது. இப்போது நாடாவை மணியடிக்கிறவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சாமியார். நீங்கள் பஸ் ஏறிய மறுநாள் அவரிடம் போய், "ஃபாதர், அன்னைக்கு வந்தது என் வீட்டுக்காரர்" என்றேன். "தெரியுமே. படம் போட வந்தவன் எவன் அவ்வளவு திட்டு வாங்கிட்டு ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்?" என்றார். ஆக, அவருக்குத் தெரிந்தது. எனக்குத்தான் அந்த நேரத்தில் வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தேன். யோசித்தது உங்களுக்குப் பிடிக்காது. இருந்தாலும் கேளுங்கள்.

இந்தப் புத்தகத்துக்கு முன்னால் வீட்டில் நாம் என்ன பேசினோம்? சாப்பிட்டாச்சா, கதவைச் சாத்தியாச்சா, தண்ணி வந்துச்சா. மகள் கல்யாணமாகிப் போன பிறகு அதுவும் குறைந்தது. நீங்கள் குனிந்துகொண்டு கோடு போடுவீர்கள். நான் காப்பியை வைத்துவிட்டு நிற்பேன். ஆறிய பிறகு எடுத்துக் குடிப்பீர்கள். சண்டை இல்லை, குறை இல்லை. பேச்சும் இல்லை. எனக்கு அந்த வீட்டுக்குள் மூச்சு முட்டும். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். "ஏன் சும்மா சும்மா நடக்கிற?" என்று தலையைத் தூக்காமலே கேட்பீர்கள்.

அப்புறம் பதிப்பாளர் இந்த வேலையைக் கொடுத்தார். அளந்து அனுப்ப ஆள் கிடைக்கவில்லை, நான் போகிறேன் என்றேன். முதல் தேவாலயத்தின் அளவை எழுதி அனுப்பினேன். நீங்கள் ஏழு பக்கம் பதில் எழுதினீர்கள். ஏழு பக்கம். அதில் திட்டு இருந்தது, கேலி இருந்தது, செருப்பு கடிக்கிறதா என்ற விசாரிப்பு இருந்தது, நான் இல்லாமல் வீடு எப்படி இருக்கிறது என்று இருந்தது. விடுதி வாசலில் நின்றுகொண்டே படித்தேன். இந்த மனிதர் யார், இத்தனை வருஷம் எங்கே இருந்தார் என்று தோன்றியது. அதனால் அடுத்த தேவாலயத்துக்குப் போனேன். அதற்கும் கடிதம் வந்தது. அதற்கடுத்ததற்கும் போனேன்.

தேவாலயங்கள் எனக்குப் பிடிக்கும், அது பொய்யில்லை. ஆனால் திரும்பி வராததற்குக் காரணம் அவை இல்லை. பயம். நான் வீட்டுக்கு வந்துவிட்டால் நீங்கள் எனக்கு எழுத மாட்டீர்கள். பக்கத்தில் இருக்கிறவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? எழுதுகிற ஆள் போய்விடுவார், மறுபடி அந்தக் குனிந்த தலைதான் இருக்கும்.

போன மாதம் நீங்கள் இங்கே வந்தபோதுதான் அந்தப் பயம் நிச்சயமானது. இரண்டு நாள் கூட இருந்தீர்கள். கல்லைத் தடவினீர்கள், மணியடிக்கிறவரிடம் பேசினீர்கள், நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டபோது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சாமியார் கேட்டபோது நான் பார்த்தது அந்த மனிதரைத்தான். படம் போடுறவர் என்றேன். வீட்டுக்குப் போய், ஏணிமேல் நான் அழகாக இருந்தேன் என்று எழுதுகிறீர்கள். படித்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. கீழேதானே நின்றீர்கள். கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றீர்கள். அதை அங்கேயே சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே இறங்கி உங்களோடு பஸ் ஏறியிருப்பேன்.

வீட்டுக்கு வர எனக்கு ஆசைதான். இரண்டு வாரம் கழித்து வருகிற வியாழக்கிழமை, சாயங்காலம் அங்கே வந்து சேர்கிற பஸ்ஸில் ஏறலாம் என்று இருக்கிறேன். ஏறுவதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். நான் வந்த பிறகும் என்னிடம் பேசுவீர்களா?

உங்கள் மனைவி


வீடு
ஏப்ரல் 14

அன்பே,

உன் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். கை அதுபாட்டுக்கு ஓடி ஐந்து பக்கம் ஆகிவிட்டது. படித்துப் பார்த்தேன், நன்றாக வந்திருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ கேட்டதற்கு இனிமேல் எழுத்தில் பதில் கிடையாது. நீ சொன்ன வியாழக்கிழமை பஸ் நிலையத்தில் நிற்பேன். நீ இறங்கினால் அங்கேயே, எல்லோரும் பார்க்கச் சொல்வேன். இறங்காவிட்டால் அதே பஸ்ஸில் ஏறி மலைக்கு வந்து சொல்வேன்.

உன் கணவன்